வரிசையாக 4 ஆல்பம், ஒன்றுகூட சோடை போகாத ராப்பர் யார்?

ஊசிமுனை:

கொஞ்ச நாளாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு கலைஞர், அவருடைய ஆல்பங்களை வெளிவந்த வரிசையிலேயே, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை எதையும் தாண்டாமல் கேட்பது. ஹிப்ஹாப் மட்டும்தான். இப்படிக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. மகத்தான ஒரு ஆல்பம் போட்டவர்கள் ஏராளம், இரண்டு போட்டவர்களும் இருக்கிறார்கள், மூன்றாவதில் பாதிப் பேர் உதிர்ந்துவிடுகிறார்கள், நாலாவதையும் அதே தரத்தில் கொடுத்தவர்களை எண்ணக் கைவிரல்கள் போதும் போலிருக்கிறது.

அதனால் கேட்கிறேன், உங்கள் கணக்கில் அந்த நாலை எட்டியவர்கள் யார்? விதி எளிது. ஸ்டுடியோ ஆல்பங்கள் மட்டும், அதுவும் அடுத்தடுத்து வந்தவை. நடுவில் சுமாரான ஒன்று வந்தால் கணக்கு அங்கேயே அறுந்துவிடும். மிக்ஸ்டேப், தொகுப்பு, கச்சேரிப் பதிவு எதுவும் சேராது. நல்ல ஆல்பம் என்பதற்கு என் அளவுகோல் ஒன்றே ஒன்று, அடுத்த பாட்டுக்குத் தாண்டும் பொத்தானைத் தேடி விரல் போகக் கூடாது.

என் முதல் தேர்வு அமெரிக்கத் தெற்கின் அட்லாண்டாவைச் சேர்ந்த இரட்டையர் அவுட்காஸ்ட். 1994ல் சதர்ன்பிளேயலிஸ்டிக்காடிலாக்மியூசிக் (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது), 1996ல் ஏடிஎலியன்ஸ், 1998ல் அக்வெமினை, 2000ல் ஸ்டாங்கோனியா. இரண்டு வருடத்துக்கு ஒன்று, தவணை தவறவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், ஒன்று போல் இன்னொன்று இல்லை. முதல் ஆல்பத்தில் அட்லாண்டா தெருக்களில் கார் ஓட்டித் திரிகிற இரண்டு பையன்கள், இரண்டாவதில் அதே பையன்கள் வேற்றுக்கிரகவாசிகள், பீட் (ராப்புக்குப் பின்னால் ஓடும் இசை) மெதுவாகி எதிரொலி கூடி ஏதோ தண்ணீருக்கடியில் கேட்பது மாதிரி இருக்கும். இடையில் ஹிப்ஹாப் பத்திரிகையான சோர்ஸின் 1995 விருது விழா. நியூயார்க் கூட்டம் கூச்சல் போட்டு அவமதிக்க, தெற்கத்திக்காரர்களுக்கும் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்று இருவரில் ஒருவரான ஆன்ட்ரே மேடையிலேயே சொல்லிவிட்டு இறங்கினார். சொன்னதை அடுத்த மூன்று ஆல்பங்களில் நிரூபித்தார்கள். அதே சோர்ஸ் பத்திரிகை பிறகு அக்வெமினைக்கு 5 மைக் (அவர்களுடைய உச்ச மதிப்பெண்) கொடுத்தது.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட். 1990, 1991, 1993 என்று முதல் மூன்றும் பத்தரைமாற்றுத் தங்கம். நாலாவது, 1996ல் வந்த பீட்ஸ், ரைம்ஸ் அண்ட் லைஃப், அதில் என் விரல் இரண்டு மூன்று இடத்தில் பொத்தானைத் தேடியது. நானே போட்ட விதியில் எனக்கு மிகவும் பிடித்த குழு அடிபட்டுப் போனது.

கீறல் ரெகார்டு:

கேங் ஸ்டார். யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

1989ல் வந்த முதல் ஆல்பத்தை விட்டுவிடலாம், அப்போது இருவரும் தங்கள் ஒலியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு ஸ்டெப் இன் தி அரீனா (1991), டெய்லி ஆபரேஷன் (1992), ஹார்ட் டு ஏர்ன் (1994), மொமென்ட் ஆஃப் ட்ரூத் (1998). நாலு. நாலிலும் அதே இரண்டு பேர், குருவின் குரல், டிஜே பிரீமியரின் பீட். ஒரு சாம்பிளை (பழைய பாட்டிலிருந்து எடுக்கும் துண்டு) எடுத்து, அதைத் துண்டு துண்டாக வெட்டி, வேறு வரிசையில் கோத்து, பல்லவி வர வேண்டிய இடத்தில் பழைய ரெகார்டுகளிலிருந்து எடுத்த வரிகளை ஸ்கிராட்ச் செய்து ஒட்டுவது பிரீமியரின் பாணி. பல்லவியை யாரும் பாட வேண்டியதில்லை, டர்ன்டேபிளே பாடிவிடும். குருவின் குரலோ ஏற்ற இறக்கமே இல்லாதது. பலர் அதைக் குறையாகச் சொல்வார்கள். ஹார்ட் டு ஏர்னில், எல்லாம் பெரும்பாலும் குரலில்தான் இருக்கிறது என்று அதை வைத்தே ஒரு பாட்டு போட்டுவிட்டார் மனிதர்.

கடைசி இரண்டு ஆல்பங்களுக்கு நடுவே 4 வருட இடைவெளி இருக்கிறதே, அந்த இடைவெளியில் பிரீமியர் சும்மா இருக்கவில்லை. ராப்பர் நாஸின் முதல் ஆல்பமான இல்மாடிக்கில் 3 பாட்டு, ஜெரு த டமாஜாவின் முதல் ஆல்பம் முழுவதும், குரூப் ஹோமின் முதல் ஆல்பத்தில் பெரும்பகுதி எல்லாம் அவர் கைவேலை. இத்தனையும் பண்ணிவிட்டுத் திரும்பி வந்து மொமென்ட் ஆஃப் ட்ரூத் மாதிரி 70 நிமிடத்துக்கு மேல் ஓடுகிற ஒன்றைத் தொய்வே இல்லாமல் கொடுக்க முடிகிறது என்றால் என்ன சொல்வது. என்னைக் கேட்டால் அந்த நாலிலும் அதுதான் உச்சம், டெய்லி ஆபரேஷன்தான் உச்சம் என்று யாராவது வருவார்கள், வரட்டும்.

நடுநிசி:

டெய்லி ஆபரேஷன்தான் உச்சம்.

கீறல் ரெகார்டு:

வந்தாயிற்று.

தாளக்கட்டு:

ஊசிமுனை, அவுட்காஸ்ட் சரி, ஆனால் ஏன் நாலோடு நிறுத்திவிட்டீர்கள்? 2003ல் வந்த ஸ்பீக்கர்பாக்ஸ் / த லவ் பிலோ ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியே வாங்கியது. ஐந்தாகக் கணக்கு வைக்கலாமே.

ஊசிமுனை:

வைக்கலாம், ஆனால் எனக்கு அது ஒரே உறைக்குள் போட்ட இரண்டு தனி ஆல்பம். பிக் பாய் ஒரு தட்டு, ஆன்ட்ரே ஒரு தட்டு. பிக் பாயின் தட்டைத் தாண்டாமல் கேட்டுவிடுவேன். ஆன்ட்ரேயின் தட்டில் அருமையான பாட்டுகள் இருக்கின்றன, ஆனால் நடுவில் அவர் பாட்டுக்கு உலாத்தப் போய்விடுகிறார், நாம் வாசலில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அவுட்காஸ்ட் எனக்குப் பிடித்ததே ஒரே பாட்டில் இருவரும் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்வதற்காக. ஒருவர் வானத்தில் இருப்பார், இன்னொருவர் தரையில் காலூன்றி நிற்பார். பிரித்துவிட்டால் இரண்டுமே பாதிதான்.

வெண்கலக்குரல்:

ஆண்கள் பெயராகவே வந்துகொண்டிருக்கிறது, கவனித்தீர்களா? மிஸ்ஸி எலியட்டை இதுவரை ஒருவரும் வாயெடுத்துச் சொல்லவில்லை.

சூப்பா டூப்பா ஃப்ளை (1997), டா ரியல் வேர்ல்ட் (1999), மிஸ் ஈ... சோ அடிக்டிவ் (2001), அண்டர் கன்ஸ்ட்ரக்ஷன் (2002). உங்கள் விதிப்படியே நாலு ஆகிவிட்டது, 2003ல் வந்த அடுத்ததையும் நான் சேர்த்துக்கொள்வேன். அந்தக் காலத்தில் அவருடைய தயாரிப்பாளர் டிம்பலாண்ட் போட்ட பீட் ஒவ்வொன்றும் அடுத்த வருடம் எல்லாரும் காப்பி அடித்த பீட். 2001ல் தும்பி என்ற பஞ்சாபி இசைக்கருவியின் அந்த ஒற்றைத் தந்தி ஒலியையும் தபலாவையும் வைத்து ஒரு பாட்டு, உலகம் முழுக்க நடன மேடைகளில் ஓடியது. அடுத்த வருடம் இன்னொரு பாட்டில், திருப்பிப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த வரியையே பின்னாலிருந்து முன்னால் ஓடவிடுகிறார். அதை அர்த்தமில்லாத உளறல் என்று நினைத்து அப்படியே மனப்பாடம் செய்து பாடிக்கொண்டு திரிந்தவள் நான். சொன்ன வாக்கியமே தலைகீழாக ஓடுகிறது என்று தெரிந்தபோது என் மீதே சிரிப்பு வந்தது.

மிஸ்ஸியை நடனப் பாட்டு ஆள், வீடியோ ஆள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அண்டர் கன்ஸ்ட்ரக்ஷனை முழுதாகக் கேளுங்கள். பாடகி ஆலியா 2001ல் விமான விபத்தில் போனார், 2002ல் டிஎல்சி குழுவின் லெஃப்ட் ஐ கார் விபத்தில் போனார், அந்த இழப்புகளின் நிழல் அந்த ஆல்பம் முழுக்க இருக்கிறது. அதே நேரத்தில் எண்பதுகளின் பழைய ஹிப்ஹாப் மீதான பாசமும். துக்கத்தையும் ஆட்டத்தையும் ஒரே தட்டில் பரிமாறுவது சாதாரணக் காரியம் இல்லை. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முதல் பெண் ராப்பர் இவர், அதற்கே 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கேயும் நாலு பேர் பேசி முடிக்க வேண்டியிருந்தது, பரவாயில்லை.

ஊசிமுனை:

தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். மிஸ்ஸியின் பாட்டுகளைத் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன், ஆல்பமாகக் கேட்டதில்லை. அடுத்த வாரத்துக்கு அவர்தான்.

புதுக்காது:

எமினெமை ஏன் யாரும் சொல்லவில்லை? கோபித்துக்கொள்ளாதீர்கள், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

நடுநிசி:

கோபம் எதற்கு. 1999, 2000, 2002 என்று மூன்று ஆல்பம் சரியாக நிற்கும், நாலாவது என்கோர் (2004). அங்கேதான் சறுக்கல். சில பாட்டுகள் வெளியீட்டுக்கு முன்பே இணையத்தில் கசிந்துவிட, அவற்றின் இடத்தை நிரப்ப அவசர அவசரமாக வேறு எழுதினார், எழுதியவை பாதி விளையாட்டுப் பாட்டுகள். மாத்திரைப் பழக்கம் முற்றியிருந்த நேரமும் அது. அந்த ஆல்பத்தை அவரே பெரிதாகத் தூக்கிப் பிடிப்பதில்லை.

நாஸுக்கும் இதே கதைதான், அதுவும் 5 வருடம் முன்னால். 1999ல் ஐ ஆம் என்பதை இரட்டை ஆல்பமாகத் திட்டமிட்டிருந்தார், பாட்டுகள் திருட்டுத்தனமாக வெளியே போனதும் திட்டம் குலைந்தது, ஒற்றை ஆல்பமாகச் சுருங்கியது, அதே வருடக் கடைசியில் நாஸ்ட்ரடாமஸ் என்று இன்னொன்றை ஒப்பேற்ற வேண்டிவந்தது. நாஸ்ட்ரடாமஸைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல இன்றுவரை ஆள் கிடைக்கவில்லை. அந்தக் கசிந்த பாட்டுகளில் பலவற்றை 2002ல் த லாஸ்ட் டேப்ஸ் என்று தொகுப்பாகப் போட்டார்கள், அதைக் கேட்டால் வயிறு எரியும். இதெல்லாம் உள்ளே இருந்திருந்தால் வரிசை அறுந்தே இருக்காது.

அதனால் வரிசை அறுவதற்குத் திறமைக் குறைவை மட்டும் காரணம் சொல்வதை நான் நம்புவதில்லை. பாதி நேரம் அவசரம்தான் காரணம். யாரோ ஒருவர் தேதியைக் குறித்துவிடுகிறார், பாட்டு இன்னும் பழுத்திருக்காது.

மூன்றாம்தட்டு:

நாஸ் பேச்சு வந்ததால் சொல்கிறேன், அவர் வயதான பிறகு ஒரு வரிசை போட்டிருக்கிறார், அதை ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை? தயாரிப்பாளர் ஹிட்-பாயுடன் 2020 ஆகஸ்டிலிருந்து 2023 செப்டம்பர் வரை 6 ஆல்பம். கிங்ஸ் டிசீஸ் மூன்று பாகம், மேஜிக் மூன்று பாகம். கடைசியானது வெளிவந்தது அவருடைய 50வது பிறந்த நாளில். முதல் கிங்ஸ் டிசீஸுக்குத்தான் அவருடைய வாழ்க்கையின் முதல் கிராமியே கிடைத்தது, இல்மாடிக் வந்து ஒரு தலைமுறை கழித்து.

ஆறும் ஒரே தரம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். முதலாவது கொஞ்சம் நடுநடுவே தளரும், ஆனால் இரண்டாவது, மூன்றாவது கிங்ஸ் டிசீஸ் இரண்டும் எனக்கு அவருடைய பழைய ஆல்பம் இட் வாஸ் ரிட்டனுக்குப் பக்கத்தில் வைக்கத்தக்கவை. மூன்றாவதில் விருந்தாளி ராப்பர் ஒருவர்கூடக் கிடையாது, முழுக்க அவரே. முப்பதில் தடுமாறியவர் ஐம்பதில் நிதானமாக ஆடுகிறார். பல வருடமாக இவருக்கு நல்ல பீட் தேர்ந்தெடுக்கத் தெரியாது என்று கேலி பேசினோம், ஒரே ஒருவரோடு உட்கார்ந்ததும் அந்தக் கேலி போன இடம் தெரியவில்லை.

கீறல் ரெகார்டு:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், மூன்றாம்தட்டு முந்திக்கொண்டார். இதுவரை வந்த பெயர்களைப் பாருங்கள். குரு பக்கத்தில் பிரீமியர், மிஸ்ஸி பக்கத்தில் டிம்பலாண்ட், நாஸ் பக்கத்தில் ஹிட்-பாய், அவுட்காஸ்டின் ஆரம்பத்தில் ஆர்கனைஸ்ட் நாய்ஸ் என்ற தயாரிப்பாளர் கூட்டணி. தனி ஆளாக நின்று, ஆல்பத்துக்கு ஒரு டஜன் தயாரிப்பாளர்களிடம் பீட் வாங்கி வரிசை போட்டவர்கள் குறைவு. ஆளுக்கு ஒரு பீட் வாங்கினால் பாட்டுகள் கிடைக்கும், ஆல்பம் கிடைக்காது.

தாளக்கட்டு:

ஸ்கார்ஃபேஸ் இருக்கிறாரே. ஹூஸ்டன்காரர். த ஃபிக்ஸ் (2002) பல தயாரிப்பாளர்களின் கைவண்ணம், அதில் கான்யே வெஸ்ட் ஆரம்ப காலத்தில் போட்ட பீட்டும் உண்டு, அப்படியும் ஒரே மூச்சில் எழுதிய மாதிரி இருக்கும், சோர்ஸ் 5 மைக் கொடுத்தது. அந்தக் குரல் எந்த பீட்டையும் தன் வீடாக்கிக்கொள்ளும். ஆனால் த டயரியிலிருந்து (1994) த ஃபிக்ஸ் வரை அறாத வரிசை என்று சொல்ல முடியாது, நடுவில் 1998ல் ஒரு இரட்டை ஆல்பம் கழுத்தைப் பிடிக்கிறது. ஆக உங்கள் பேச்சை முழுக்க மறுக்கவும் முடியவில்லை, ஏற்கவும் மனசில்லை.

நடுநிசி:

ஒருவர் கையில் மொத்தமும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் ராப் கூட்டமான வூ-டாங்கைவிடப் பெரிய உதாரணம் இல்லை. தனி ஆள் வரிசை இல்லை, கூட்ட வரிசை, ஊசிமுனை அனுமதிப்பாரா தெரியாது. 1993 நவம்பர் 9ல் 36 சேம்பர்ஸ் (அதே நாளில்தான் ட்ரைப்பின் மிட்நைட் மராடர்ஸும் வந்தது, ஒரே நாளில் இரண்டையும் வாங்கியவன் எவ்வளவு கொடுத்து வைத்தவன்), 1994ல் மெத்தட் மேனின் டிகல், 1995ல் மட்டும் மூன்று: ஓல் டர்ட்டி பாஸ்டர்ட், ரேக்வான், ஜிஸா. 1996ல் கோஸ்ட்ஃபேஸின் அயர்ன்மேன். மூன்றே வருடத்தில் 6 ஆல்பம், ஆறின் பின்னாலும் ரிஸா என்ற ஒரே மூளை. ஆறுக்கும் ஆறு வாசனை. ரேக்வானுடையது கடத்தல் கதை, ஜிஸாவின் லிக்விட் சோர்ட்ஸ் மார்கழிக் குளிர் மாதிரி உடம்பில் இறங்கும், ஓல் டர்ட்டியுடையதை எந்தச் சொல்லாலும் விளக்க முடியாது.

இதில் டிகல் கொஞ்சம் மங்கல் என்பது என் கருத்து. ரிஸாவின் அடித்தள ஸ்டுடியோவில் வெள்ளம் புகுந்து ஏராளமான பீட்டுகள் அழிந்து போயின, அதில் பெரிய அடி வாங்கியவர் அதே கூட்டத்து ராப்பர் இன்ஸ்பெக்டா டெக். அவருக்கென்று வைத்திருந்தவை போய்விட்டன, அவருடைய தனி ஆல்பம் 1999 வரை தள்ளிப்போனது, அதற்குள் காற்று திசை மாறிவிட்டது. அவசரம் மட்டும் இல்லை, தண்ணீரும் வரிசையை அறுக்கும்.

மூன்றாம்தட்டு:

கூட்டத்தை விடுங்கள், கோஸ்ட்ஃபேஸ் ஒருவரே போதும். அயர்ன்மேன் (1996), சுப்ரீம் கிளையன்டெல் (2000), புல்லட்புரூஃப் வாலட்ஸ் (2001), த பிரிட்டி டோனி ஆல்பம் (2004), ஃபிஷ்ஸ்கேல் (2006). ஐந்து. மூன்றாவதைப் பலவீனம் என்பார்கள். சாம்பிளுக்கு அனுமதி கிடைக்காமல் நல்ல பாட்டுகள் சில அதிலிருந்து கடைசி நேரத்தில் கழன்றுபோயின. அவற்றைத் தேடிப் பிடித்து உள்ளே செருகிக் கேட்டால் வேறு ஆல்பம். விதியை மீறுவதுதான், ஆனால் கேட்பது என் காது.

வெண்கலக்குரல்:

சாம்பிள் பேச்சு வந்தது நல்லதாயிற்று, டி லா சோல் பற்றிச் சொல்ல வேண்டும். 3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங் (1989), டி லா சோல் இஸ் டெட் (1991), புலூன் மைண்ட்ஸ்டேட் (1993), ஸ்டேக்ஸ் இஸ் ஹை (1996). நாலும் முத்து. முதல் மூன்றுக்கும் பிரின்ஸ் பால் தயாரிப்பாளர், நாலாவதில் அவர் இல்லை, எல்லாரும் பயந்தார்கள், ஆனால் அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு பீட்டை அப்போது பெயர் தெரியாதிருந்த ஜே டீ போட்டார், பிற்காலத்தில் ஜே டில்லா என்று உலகம் கொண்டாடிய அதே ஆள்.

இந்தக் குழுவை நாற்பதைத் தாண்டியவர்கள் உருகி உருகிப் பேசுவார்கள், இளையவர்களுக்குப் பெயரே தெரியாது. காரணம், பல வருடம் இந்த ஆல்பங்கள் எந்த ஸ்ட்ரீமிங் தளத்திலும் கிடையாது. எண்பதுகளின் கடைசியில் சாம்பிள் அனுமதி வாங்கியபோது டிஜிட்டல் பற்றி யாரும் ஒப்பந்தத்தில் எழுதவில்லை, பின்னால் ஒவ்வொரு துண்டுக்கும் உரிமை தேட வேண்டியதாயிற்று. முதல் ஆல்பத்தில் ஒரு சின்ன இடைப்பகுதியில் எடுத்த துண்டுக்காக த டர்ட்டில்ஸ் குழுவினர் வழக்குப் போட்டு, நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்துத் தீர்க்க வேண்டிவந்தது. கடைசியில் 2023 மார்ச் 3ல்தான் எல்லாம் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தது. அதற்கு மூன்று வாரத்துக்கும் குறைவான நாள் முன்னால், பிப்ரவரி 12ல், குழுவின் மூவரில் ஒருவரான ட்ருகாய் இறந்துபோனார். அந்த நாளைப் பார்க்க அவர் இல்லையே என்பது இன்னும் உறுத்துகிறது.

1991 டிசம்பரில், அனுமதியில்லாமல் சாம்பிள் எடுத்ததற்காக ராப்பர் பிஸ் மார்க்கிக்கு எதிரான வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, ஒரு பாட்டுக்குள் பத்துப் பதினைந்து துண்டுகளை அடுக்கும் அந்தப் பழைய வேலையே செலவு கட்டுப்படியாகாததாகிவிட்டது. பப்ளிக் எனிமியின் 1988, 1990 ஆல்பங்களைக் கேளுங்கள், பிறகு 1991க்குப் பின்னால் வந்தவற்றைக் கேளுங்கள். சுவர் மாதிரி எழும்பி நின்ற சத்தம் மெலிந்துபோயிருக்கும். அவர்கள் வரிசை அறுந்ததில் சட்டத்துக்கும் பங்கு உண்டு.

கீறல் ரெகார்டு:

அருமையான பதிவு. நான் ஒரு வரியில் இபிஎம்டி குழுவைப் போட்டுவிட்டுப் போகிறேன். 1988லிருந்து 1992 வரை நாலு ஆல்பம், நாலின் பெயரிலும் பிசினஸ் என்ற சொல் இருக்கும், நாலாவது முடிந்த கையோடு பிரிந்தார்கள். பிரிந்ததும் பிசினஸ் தகராறுதான் என்று அப்போது பேசிக்கொண்டார்கள்.

புதுக்காது:

முகமூடி ராப்பர் டூமைக் கேட்கலாமா? எந்த வரிசையில் கேட்பது என்றே புரியவில்லை, ஆளுக்கு ஏகப்பட்ட பெயர்.

மூன்றாம்தட்டு:

அதுதான் வேடிக்கையே. 1999ல் ஆபரேஷன்: டூம்ஸ்டே, எம்எஃப் டூம் பெயரில். 2003ல் இரண்டு, ஒன்று கிங் கீடோரா பெயரில், மற்றொன்று விக்டர் வாகன் பெயரில். 2004ல் தயாரிப்பாளர் மேட்லிப்புடன் மேட்வில்லனி, அதே வருடம் எம்எம்..ஃபுட், இடையில் வாகன் பெயரில் இரண்டாவது ஒன்று, அது சுமார். ஊசிமுனை விதிப்படி பெயர் வேறு என்றால் ஆள் வேறா? வேறு என்றால் வாகனின் சுமாரான ஆல்பம் டூமின் கணக்கைத் தொடாது, தப்பித்தார். ஒரே ஆள் என்றால் வரிசை அங்கே அறுகிறது. முகமூடி போட்டவனின் சாமர்த்தியம்.

கேட்க ஆரம்பிப்பதற்கு மேட்வில்லனி போகாதீர்கள், எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள், முதல் கேட்புக்கு அது கொஞ்சம் முரடு, பெரும்பாலும் இரண்டு நிமிடப் பாட்டுகள், பல்லவி என்பதே அரிது. டூம்ஸ்டேயில் ஆரம்பியுங்கள். 1993ல் தம்பி சப்ராக் விபத்தில் இறந்தான், அண்ணன் தம்பி சேர்ந்து செய்த கேஎம்டி குழுவின் ஆல்பத்தை ரெகார்டு கம்பெனி வெளியிட மறுத்தது, மனிதர் பல வருடம் காணாமல் போய் முகமூடியோடு திரும்பி வந்த ஆல்பம் அது. விளையாட்டு மாதிரி இருக்கும், அடியில் தம்பி இருப்பான்.

தாளக்கட்டு:

இன்றைய ஆள் ஒருவர்கூட இல்லையா? கென்ட்ரிக் லமார். குட் கிட், மேட் சிட்டி (2012), டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை (2015), டேம் (2017), மிஸ்டர் மொரேல் (2022). நடுவே 2016ல் வந்த அன்டைட்டில்டை மிச்சச் சொச்சத் தொகுப்பு என்று விட்டுவிட்டேன். டேமுக்கு 2018ல் புலிட்சர் பரிசு, மேற்கத்திய செவ்வியல், ஜாஸ் இரண்டுக்கும் வெளியே அந்த இசைப் பரிசு போனது அதுவே முதல் முறை. அந்த ஆல்பத்தைக் கடைசிப் பாட்டிலிருந்து முதல் பாட்டுக்குத் திருப்பிக் கேட்டாலும் கதை நிற்கும், அப்படியே வரிசை மாற்றி ஒரு பதிப்பும் போட்டார்கள்.

நடுநிசி:

மிஸ்டர் மொரேல் என்னைப் பொறுத்தவரை நீளம். ஒருவருடைய மனநலச் சிகிச்சை அறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்பது போல இருக்கிறது. மதிக்கிறேன், திரும்பக் கேட்பதில்லை.

தாளக்கட்டு:

திரும்பக் கேட்காமல் தீர்ப்பு சொன்னால் எப்படி? எனக்கும் முதல் மாதம் பிடிக்கவில்லை. 2008ல் கான்யேயின் 808ஸ் வந்தபோது ராப்பை விட்டுவிட்டு அழுகிறான் என்று நானே திட்டியிருக்கிறேன், பத்து வருடத்தில் பாதி ராப் உலகம் அந்த ஆல்பத்தின் பிள்ளைகளாகிவிட்டது. அந்த ஆள் பின்னால் பேசிய பேச்சுகளுக்காக இப்போது என்னால் அவர் பாட்டைக் கேட்க முடியவில்லை, அது தனிக் கதை.

ஊசிமுனை:

எனக்கும் மிஸ்டர் மொரேல் ஊசலாட்டம்தான். ஆனால் இவ்வளவு பேசிவிட்டு த ரூட்ஸை யாரும் தொடவில்லையே?

கீறல் ரெகார்டு:

நீங்கள் விட்டு வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். பிலடெல்பியாக்காரர்கள், சாம்பிளை நம்பாமல் டிரம்ஸும் பேஸும் நேரில் வாசித்த குழு. அவர்களுக்கு ஒன்றல்ல, இரண்டு வரிசை. 1995, 1996, 1999, 2002 என்று நாலு, அது முதல் வரிசை. 2004ல் த டிப்பிங் பாயின்ட், பள்ளம். பிறகு கேம் தியரி (2006), ரைசிங் டவுன் (2008), ஹவ் ஐ காட் ஓவர் (2010), அன்டன் (2011), மறுபடியும் நாலு, ஜான் லெஜண்டுடன் சேர்ந்து செய்ததைச் சேர்க்காமல். அதிலும் 2009லிருந்து அவர்கள் ஜிம்மி ஃபாலனின் இரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வாசிக்கிற குழு. தினசரி வேலைக்குப் போய்க்கொண்டே அன்டன் மாதிரி ஒன்றைச் செய்திருக்கிறார்கள். ரெட்ஃபோர்ட் ஸ்டீஃபன்ஸ் என்ற கற்பனைப் பையனின் கதை, சாவில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போகும், 40 நிமிடம்கூட இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. 2002ல் வந்த ஃபிரெனாலஜியில் வாட்டர் என்று ஒரு பாட்டு, 10 நிமிடம். முதல் பகுதியில் குழுவின் ராப்பர் பிளாக் தாட், போதையில் மூழ்கிக்கொண்டிருந்த தங்கள் பழைய கூட்டாளி மாலிக்கைப் பற்றி ராப் செய்கிறார். மீதி முழுக்க வார்த்தையே சரியாக இல்லாத இரைச்சல், முணுமுணுப்பு, இருட்டு. உங்கள் பொத்தான் விதிக்கு அதுதான் பரீட்சை. எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் மூன்றாவது நிமிடத்தில் தாண்டியவர்கள்.

வெண்கலக்குரல்:

ஊசிமுனை, மிஸ்ஸி என்ன ஆனார்?

ஊசிமுனை:

மிஸ்ஸியை முடித்துவிட்டேன். டா ரியல் வேர்ல்டில் ஒரு இடத்தில் விரல் போனது, மற்றபடி நீங்கள் சொன்னது சரி, அண்டர் கன்ஸ்ட்ரக்ஷனை இரண்டு முறை கேட்டேன். நேற்றிலிருந்து ரூட்ஸ். 1995லிருந்து வரிசையாக வந்து நேற்று இரவு அந்த 10 நிமிடத்துக்கு வந்து சேர்ந்தேன். ஐந்தாவது நிமிடத்தில் விரல் பொத்தான் மேல் இருந்தது, உண்மையை மறைக்கவில்லை. அழுத்தவில்லை. அது முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பித்தபோது, யாரோ மூச்சுத் திணறித் தண்ணீருக்கு மேலே தலை தூக்கியது மாதிரி இருந்தது. இப்போது மறுபடியும் அதே பாட்டைத்தான் போட்டிருக்கிறேன்.